பூனைக்கு லிட்டர் பாக்ஸும் மணலும்: எதை வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம்

வீட்டுப் பூனைக்கு வாங்கும் சாமான்களில் அதிகம் ஏமாற்றம் தருவது அதன் கழிவறைச் சாமான்கள்தான். பெட்டிக்கு மூடி இருக்கும், கதவு இருக்கும், கரி வடிகட்டி இருக்கும்; உள்ளே பூனை ஒரு முறை முழுசாகத் திரும்ப இடம் இருக்காது. மணல் பையில் லாவண்டர் மணம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மணலின் மணி எந்த அளவு, எவ்வளவு தூசி என்ற விவரம் தேடினாலும் கிடைக்காது. விற்பவர்கள் மனிதக் கண்ணையும் மனித மூக்கையும் பார்த்துச் செய்கிறார்கள். பயன்படுத்தப்போவது பூனை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய, திறந்த பெட்டி. மணமில்லாத, நுண்மணி பெண்டோனைட் மணல், அதாவது ஈரம் பட்டால் கட்டியாகச் சேரும் களிமண். ஆரோக்கியமான வளர்ந்த பூனைகள் உள்ள வீட்டுக்கு இதை மிஞ்சிய ஜோடி இல்லை. மற்ற வகைகள் எல்லாமே ஏதாவது ஒரு காரணத்துக்காக வாங்க வேண்டியவை: குட்டி, மூட்டுவலி, அறுவை சிகிச்சை, ஆஸ்துமா, மாடிப்படி. அந்தக் காரணம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் அவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்.

பெட்டியின் அளவு

இன்ச் டேப்பை எடுத்து, பூனை நீட்டி நிற்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். அதில் ஒன்றரை மடங்குதான் பெட்டியின் நீளம். 2014இல் பூனை மருத்துவர்களின் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. 46 செ.மீ. பூனைக்கு 69 செ.மீ. பெட்டி வேண்டும். அகலம் 45 செ.மீ. இருந்தால் நிம்மதியாகத் திரும்பும். செல்லப்பிராணிப் பொருள் என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை 40 முதல் 50 செ.மீ. நீளம்தான். நாலு மாதக் குட்டிக்குப் பொருந்தும், அதற்கப்புறம் பொருந்தாது.

பெட்டி சிறிசு என்பதைப் பூனையே காட்டிக்கொடுக்கும். முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு உட்காரும். மணலைத் தோண்டாமல் பெட்டியின் சுவரையும் பக்கத்துத் தரையையும் பிறாண்டும். உடம்பு முழுக்க உள்ளே இருக்கும், பின்புறம் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிறுநீர் தரையில் விழும். இதைப் பார்த்துப் பூனைக்குப் பழக்கம் கெட்டுவிட்டது என்று திட்டுபவர்கள் பலர். பூனை பெட்டிக்குள்தான் போயிருக்கிறது. பெட்டிதான் பாதியிலேயே முடிந்துவிட்டது.

ஆகவே பெட்டிக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது பூனைக்கென்று செய்யாத ஒரு பொருளை. துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா: நீளம் 70, அகலம் 45, உயரம் 30 செ.மீ. சுற்றளவில். இதில் வாசல் மட்டும் வெட்டிக்கொண்டால் போதும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் கடினப் பிளாஸ்டிக் வேண்டாம், வெட்டும்போது கீறல் ஓடி உடையும். பால் நிறத்தில், விரலால் அழுத்தினால் சற்று வளையும் பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டிருக்கும்.

குறுகிய பக்கத்தில் 22 முதல் 25 செ.மீ. அகலத்துக்கு வாசல் குறித்துக்கொள்ளுங்கள். வாசலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். உள்ளே 5, 6 செ.மீ. மணல் நிற்கும், மீதி உயரம் மணல் வெளியே சிதறாமல் தடுக்கும். மூட்டுவலி உள்ள கிழப் பூனைக்கு இதை 7 செ.மீ. ஆகவும், குட்டிக்கு 5 செ.மீ. ஆகவும் இறக்குங்கள். வெட்டுவதற்கு முன் கீழ் மூலைகள் இரண்டிலும் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை இல்லாமல் சதுர மூலையாக வெட்டினால் கொஞ்ச நாளில் அந்த மூலையிலிருந்து விரிசல் அடிவரை இறங்கும், சிறுநீர் அதன் வழியே கசியும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயை அதன்மேல் செருகிவிட்டால் பாதத்தைக் கிழிக்காது. மற்ற மூன்று சுவர்களும் உயரமாகவே இருப்பதால் நின்றபடி சிறுநீர் கழிக்கும் பூனைக்கும் இதுவே சரியான பெட்டி.

எத்தனை, எங்கே

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. ஒரு பூனைக்கு எதற்கு இரண்டு என்று கேட்பார்கள். சிறுநீருக்கு ஒரு பெட்டி, மலத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைத்துக்கொள்ளும் பூனைகள் உண்டு. ஒன்று அசுத்தமாக இருக்கும் நேரத்தில் போக்கிடமும் வேண்டும்.

மூன்று பெட்டியையும் ஒரே குளியலறையில் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒரே பெட்டி. பல பூனைகள் உள்ள வீட்டில் ஒரு பூனை அந்த அறை வாசலில் சும்மா படுத்துக்கொண்டாலே போதும், மற்றது உள்ளே போகாது. சத்தம் இல்லை, சண்டை இல்லை, நாம் கவனிக்கவும் மாட்டோம். இரண்டாம் நாள் சோபாவில் ஈரம் இருக்கும். எனவே வெவ்வேறு அறைகள், மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒன்றாவது. சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் வேண்டாம். சலவை இயந்திரம் பக்கத்திலும் வேண்டாம்: பூனை உள்ளே இருக்கும்போது ஒரு முறை அது சுழலத் தொடங்கிவிட்டால் அந்தப் பெட்டியை அதோடு கைவிட்டுவிடும்.

மற்ற வகைப் பெட்டிகள்

மூடி போட்ட பெட்டி. பூனைகள் மூடியை வெறுக்கும் என்று பரவலாகச் சொல்வார்கள், அது முழுக்க உண்மை இல்லை. 2013இல் வந்த ஒரு ஆய்வில், இரண்டும் ஒரே அளவாகவும் தினமும் சுத்தமாகவும் இருந்தபோது பெரும்பாலான பூனைகள் எந்தப் பக்கமும் சாயவில்லை. சில பூனைகளுக்கு மட்டும் திட்டமான விருப்பம் இருந்தது. நடைமுறையில் மூடியின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணில் படாததால் நாம் அள்ள மறக்கிறோம், அம்மோனியா உள்ளேயே தங்குகிறது, பூனையின் மூக்குதான் அதில் மாட்டுகிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள்: மூடியின் கீழ் உதடு அடித்தட்டின் உள்பக்கமாக இறங்க வேண்டும். வெளிப்பக்கமாகக் கவிழும் மூடியில் சுவரில் வழியும் சிறுநீர் இணைப்பு வழியாக நேரே தரைக்கு வந்துவிடும். ஆட்டக் கதவை முதல் நாளே கழற்றி வையுங்கள். கரி வடிகட்டிக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அள்ளாத பெட்டியை அது காப்பாற்றாது.

மேலே ஓட்டை உள்ள பெட்டி. மணல் சிதறுவதை நன்றாகக் குறைக்கும், நாய் உள்ள வீட்டுக்கு மிக உபயோகம், ஏனென்றால் பூனை மலத்தைத் தின்ன நாய் எப்போதும் தயார். இளம் பூனைக்குத்தான் சரி. குட்டி, கர்ப்பமான பூனை, குண்டுப் பூனை, பத்து வயது தாண்டியது எதற்கும் வேண்டாம். வயதான பூனைகளில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம், அவை நொண்டிக் காட்டுவது அபூர்வம். ஏறுவதை நிறுத்திவிடுவதுதான் அறிகுறி.

சல்லடைத் தட்டு அடுக்கு. பெண்டோனைட்டுக்கு விற்கிறார்கள், அதற்கு இது உதவாது: ஈரக் கட்டி சல்லடையில் ஒட்டிப் பாலம்போல் அடைத்துக்கொள்ளும். மரத்தூள் குச்சிக்கு மட்டும் அருமையான பொருத்தம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு. நகக் கீறல் விழாததால் வாடை ஊறாது. பிளாஸ்டிக்கில் அடிப்பக்கம் கீறல் மயமாகிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாது, ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டீலை மாற்றவே வேண்டாம். குறை ஒன்றுதான், சுவர் உயரம் 15 செ.மீ. போலத்தான் இருக்கும். மேலே பிளாஸ்டிக் வேலி வைத்து வருபவற்றில் முன்பு சொன்ன அதே இணைப்புக் கசிவைச் சோதித்து வாங்குங்கள்.

தானியங்கிப் பெட்டி. சீப்பு போன்ற வாருகோல் இழுத்துத் தள்ளும் வகை, உருளை சுழன்று சலிக்கும் வகை என்று இரண்டு. வாருகோல் வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை; மூலையில் ஒட்டிய ஒரு கட்டி போதும், வாருகோல் சிக்கி மோட்டார் நின்றுவிடும். உருளை வகை வேலை செய்கிறது, நிபந்தனைகளோடு. நன்றாகக் கட்டி சேரும் மணல் மட்டுமே போட வேண்டும். மணலை உள்ளே காட்டும் கோட்டுக்கு மேல் நிரப்பினால் எடை உணரி தப்பாகப் படிக்கும். பூனை வெளியே வந்தபின் சுழற்சி தொடங்கும் இடைவெளியைக் குறைந்தது 7 நிமிடம் வையுங்கள். அதற்கு முன் சுழன்றால் பாதி இறுகிய கட்டி உருளைச் சுவரில் அப்பிக்கொள்ளும். எடை குறைந்த குட்டியை உணரி கண்டுபிடிக்காமல் போகலாம். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச எடை வரும்வரை மின்சாரத்தைத் துண்டித்து வைத்து, சுழற்சியை நாமே பக்கத்தில் நின்று இயக்க வேண்டும். உருளை நடுவில் நின்றுவிட்டால் பூனையின் தலை சிக்கும் இடைவெளி ஏதும் இருக்கிறதா என்பதை வாங்குமுன் கையை விட்டுப் பாருங்கள். விலை மலிவு என்பதற்காக இந்த ஒரு பொருளை மட்டும் வாங்கவே கூடாது. இன்னொன்று: இயந்திரம் அள்ளிவிடுவதால் சிறுநீர்க் கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் நாம் பார்ப்பதில்லை. அந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பதைக் கீழே சொல்கிறோம்.

மணல்

1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் எண்ணெய்க் கறை உறிஞ்சும் களிமண்ணைப் பூனைக்கென்று பையில் போட்டு விற்கும்வரை சாம்பலும் சாதா மணலும்தான் வழக்கம். அந்தக் களிமண் உறிஞ்சும், கட்டியாகச் சேராது. கட்டி சேரும் பெண்டோனைட் 1980களில் வந்தது. சோடியம் பெண்டோனைட்டின் துகள்கள் அடுக்கடுக்கான தகடுகள். ஈரம் பட்டதும் தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்து உப்பி, ஒன்றோடொன்று பசைபோல ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் பரவி அடிக்குப் போவதற்குள் இறுகிவிடுவதால் அதை மட்டும் தனியாக எடுத்துவிடலாம். கால்சியம் பெண்டோனைட் இவ்வளவு உப்பாது, கட்டி உதிரும். பையில் வெறும் களிமண் அல்லது பெண்டோனைட் என்று மட்டும் இருந்தால் சோடியமா என்று கேட்டு வாங்குங்கள்.

பூனைகளுக்குப் பிடித்தது நுண்மணிதான். பாதம் மென்மையானது, தோண்டி மூடுவது பிறவிக் குணம். கடற்கரை மணலைப்போல் சரியும் மணல் கிடைத்தால் பூனை நிதானமாகத் தோண்டி, உட்கார்ந்து, மூடிவிட்டுப் போகும். பெரிய மணி, கூர்மணி என்றால் அவசரமாக முடித்து மூடாமல் குதித்து ஓடும். குறைகளும் சிறியவை அல்ல. கனம் அதிகம், தூசி உண்டு, நுண்மணி பாதத்தில் ஒட்டி வீடெங்கும் வரும். நீள முடிப் பூனைக்குப் பாத இடுக்கு முடியில் கட்டி பிடிக்கும். அந்த முடியை மட்டும் கத்தரித்துவிட வேண்டும். களிமண் தூசியில் படிகச் சிலிகா இருக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ள வீட்டில், மனிதருக்கோ பூனைக்கோ, வேறு மணல் பாருங்கள்.

டோஃபு மணல் சோயாச் சக்கையும் மாவுப்பொருளும் கலந்து செய்த சிறு குச்சிகள். தூசி குறைவு, கனம் பெண்டோனைட்டில் ஏறக்குறைய பாதி, கட்டியும் சேரும். மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியவர்களுக்கு இதுதான் எங்கள் இரண்டாவது தேர்வு. 2 மி.மீ.க்கு மேல் தடித்த குச்சி வேண்டாம், பாதத்துக்குக் குத்தும், கட்டியும் தளர்வாக இருக்கும். ஈரப்பதம் மிகுந்த காலத்தில் இதன் உண்மை முகம் தெரியும்: உணவுப்பொருள் என்பதால் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும், பெட்டியிலேயே புளித்த வாடை அடிக்கும். வாயு நீக்கிய சிறு பைகளாக வாங்கி, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிரிக்க வேண்டும். சில பூனைகள் இதைத் தின்னும். தின்பதைப் பார்த்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், குடலில் ஊறி உப்பும்.

சிலிகா ஜெல் படிகம் வேறு மாதிரி வேலை செய்கிறது. சிறுநீரைத் துளைகளுக்குள் உறிஞ்சி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விடும், கட்டி சேராது. மலத்தை மட்டும் அள்ளி, மீதியைத் தினமும் ஒரு முறை அடி மேலாகக் கிளற வேண்டும். கிளறாவிட்டால் பூனை வழக்கமாகப் போகும் மூலை மட்டும் நிறைந்து அடியில் மஞ்சள் குட்டை தேங்கும், பத்தே நாளில் நாறும். படிகம் முழுக்க மஞ்சளாகிவிட்டால் உறிஞ்சும் சக்தி முடிந்தது என்று அர்த்தம், பையில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் சரி. இது படிகமற்ற சிலிகா, களிமண் தூசியின் படிகச் சிலிகாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கூர்மையான உடைசல் வகையைத் தவிர்த்து உருண்டை மணி வாங்குங்கள். சுலபமான மணல்தான், ஆனால் தினம் எவ்வளவு சிறுநீர் போயிற்று என்று கண்ணால் கணக்கிட முடியாது.

மரத்தூள் குச்சி மலிவு, வாடையை நன்றாக அடக்கும். ஈரம் பட்டால் தூளாக உதிரும். சல்லடைத் தட்டில் ஆட்டித் தூளை மட்டும் கீழே இறக்கிவிடலாம். சூளையில் உலர்த்திய பைன் மட்டுமே வாங்குங்கள், உலர்த்தாததில் பூனைக்கு ஆகாத பீனால் சேர்மங்கள் மிஞ்சியிருக்கும். காகித உருண்டைக்கு வாடை அடக்கும் திறன் சுமார்தான். ஆனால் கருத்தடை அறுவை முடிந்த பூனைக்கு, காயம் ஆறும் 10 முதல் 14 நாள்வரை, காயத்தில் ஒட்டாத காகிதம்தான் வேண்டும். குட்டிகளுக்கும் இதுவே பாதுகாப்பு: மூன்று மாதம் ஆகும்வரை எதையும் வாயில் போடும், பெண்டோனைட்டை விழுங்கினால் குடல் அடைக்கும்.

வாசனை மணல் எந்த அடிமணலில் செய்திருந்தாலும் வேண்டாம். நமக்கு லேசாகத் தெரியும் மணம் பூனைக்கு மூக்கைத் துளைக்கும்.

பை வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

மொத்தமாக வாங்கும் முன் ஒரு சிறு பையில் இதைச் செய்து பாருங்கள், கால் மணி நேர வேலை. கறுப்புத் துணி மேல் 30 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு டம்ளர் மணலைக் கொட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி எழும்புவதும் துணியில் படிவதும் நன்றாகத் தெரியும். அடுத்தது கட்டிச் சோதனை. 250 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் 30 மி.லி. எடுத்து மணலின் ஒரே இடத்தில் ஊற்றுங்கள். உப்பு ஏன் என்றால், வெறும் தண்ணீரில் பெண்டோனைட் அதிகமாக உப்பும், எந்த மட்டமான மணலும் தேறிவிடும். சிறுநீரில் உப்புகள் இருப்பதால் அசல் கட்டி அவ்வளவு உறுதியாக வராது. 15 நிமிடம் கழித்து அள்ளி, முழங்கால் உயரத்திலிருந்து தாளில் போடுங்கள். ஒரே துண்டாக நின்றால் நல்ல மணல். இரண்டாக உடைந்தால் பரவாயில்லை. உதிர்ந்தால் அந்த உதிரி தினமும் பெட்டியிலேயே தங்கி நாறும், பை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சீக்கிரமே முழுவதையும் கொட்ட வேண்டியிருக்கும். கட்டியைத் திருப்பி அடிப்பக்கமும் பாருங்கள்: 4 செ.மீ.க்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தால் பெட்டியின் அடியைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும் வகை அது.

எவ்வளவு வாங்குவது

பையில் ஒரு பூனைக்கு ஒரு மாதம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சின்னத் தட்டை மனத்தில் வைத்து எழுதியது. நாமே கணக்குப் போடலாம். பெட்டியின் உள்தரை 60 × 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணல் 5 செ.மீ. ஆழம். 60 × 40 × 5 = 12,000 கன செ.மீ., அதாவது 12 லிட்டர் கொள்ளளவு. பெண்டோனைட் லிட்டருக்கு ஏறக்குறைய 900 கிராம் வரும், ஆக முதல் நிரப்பலுக்கு ஒரு பெட்டிக்கு 11 கிலோ. டோஃபு என்றால் 6 முதல் 7 கிலோ. சிலிகா 4 செ.மீ. ஆழமே போதும், 4 கிலோ. 5 கிலோ பெண்டோனைட் பை ஒன்றை வாங்கி இந்தப் பெட்டியில் கொட்டினால் 2 செ.மீ.க்குச் சற்று மேல்தான் வரும். கட்டி அடியில் ஒட்டிச் சுரண்டிச் சுரண்டி அள்ள வேண்டியிருக்கும். மணல் மோசம் என்ற புகார்களில் ஏராளமானவை இந்த ஆழக் குறைவால் வருபவை.

அடுத்தது தினச் செலவு. வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 2 முதல் 4 முறை சிறுநீரும் ஒரு முறை மலமும் கழிக்கும். நல்ல பெண்டோனைட்டில் இதற்குப் போகும் மணல் 200 முதல் 300 கிராம். மாதத்துக்கு 6 முதல் 9 கிலோ. ஈர உணவு தின்னும் பூனைக்கு மேல் எல்லை, உலர் உணவுக்குக் கீழ் எல்லை. உங்கள் வீட்டுக் கணக்கு வேண்டுமென்றால் மணல் இருப்பு வைத்திருக்கும் டப்பாவைத் தொங்கு தராசில் மாட்டி இன்று ஒரு எடை, ஒரு வாரம் நிரப்பியபின் ஒரு எடை எடுங்கள். வித்தியாசத்தை 4.3ஆல் பெருக்கினால் மாதச் செலவு.

மூன்றாவது, முழு மாற்றம். தினமும் ஒழுங்காக அள்ளி நிரப்பினாலும் உதிரியும் தூளும் அடியில் சேரும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை பெட்டியையே காலி செய்ய வேண்டும். எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பூனைக்குத் தன் வாடை உள்ள பெட்டி ஒன்றாவது மிஞ்ச வேண்டும். மூன்று பெட்டி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆறு வாரத்தில் சுற்று முடியும்.

இரண்டு பூனை, மூன்று பெட்டி உள்ள வீட்டுக்கு இதைக் கூட்டிப் பார்த்தால்: முதல் நாள் 33 கிலோ. பிறகு மாதந்தோறும் நிரப்புவதற்கு 15 கிலோ சுற்றளவில், மாற்றுவதற்கு 22 கிலோ, மொத்தம் 37. கேட்கவே மலைப்பாக இருக்கும், உண்மைக் கணக்கு அதுதான். குறைப்பதற்கு வழி பெட்டியைச் சுருக்குவதோ ஆழத்தைக் குறைப்பதோ அல்ல. உடையாத கட்டி தரும் மணலை வாங்கி, நாளுக்கு இருமுறை அள்ளினால் முழு மாற்றத்தை எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தள்ளிப்போடலாம். அப்போது மாற்றுச் செலவு மாதம் 16, 17 கிலோவுக்கு இறங்கும். இரண்டு வாரத்துக்கான மணல் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தீர்ந்துபோய்க் கிடைத்ததை வாங்கும் நாளில்தான் பூனை பெட்டிக்கு வெளியே போகத் தொடங்கும்.

கரண்டியும் விரிப்பும்

கரண்டிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள், தினமும் கையில் எடுப்பது அதைத்தான். வளையும் பிளாஸ்டிக் கரண்டி கட்டியை உடைக்கும். விளிம்பு தட்டையான உலோகக் கரண்டி அடியோடு சேர்த்துத் தூக்கும். நுண்மணிக்கு இடைவெளி 5, 6 மி.மீ. போதும், சிறு உதிரியையும் பிடிக்கும். டோஃபு குச்சிக்கு 10 மி.மீ. வேண்டும், இல்லாவிட்டால் நல்ல குச்சியெல்லாம் கரண்டியிலேயே நின்றுவிடும்.

விரிப்பில் தேன்கூட்டு ஓட்டை உள்ள இரட்டை அடுக்கு வகைதான் வேலைக்காகும். மேலே விழும் மணல் ஓட்டை வழியே கீழ் அடுக்கில் சேர, விரித்துத் திரும்பப் பெட்டியில் கொட்டலாம். பூனை வெளியே வந்து மூன்று நாலு அடியாவது அதன் மேல் வைக்கும்படி, வாசல் பக்கம் 60 செ.மீ. நீளமாவது போட வேண்டும். சிறு விரிப்பைப் பூனை ஒரே தாண்டில் தாண்டிவிடும்.

அள்ளுவதும் கழுவுவதும்

காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. பூனை போய்வந்த உடனே பாயாமல் அரை மணி நேரம் விட்டு அள்ளினால் கட்டி முழுசாக வரும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டை தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளுவதே அதற்குச் சிறந்த தடுப்பு. கர்ப்பமாக இருப்பவர் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

அள்ளும்போது எண்ணுங்கள். வழக்கத்தைவிடக் கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் என்ற திசையில் பார்க்க வேண்டும். சின்னச் சின்னதாகப் பல கட்டிகள் என்றால் சிறுநீர்ப்பை அழற்சி. ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய் முக்கி, கட்டியே இல்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. அது நாளைக்குப் பார்க்கும் விஷயம் இல்லை, அந்த மணி நேரமே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பெண்டோனைட்டையும் கையால் அள்ளுவதையும் நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுவ வெந்நீரும் மணமில்லாத பாத்திரச் சோப்பும் போதும். பினாயில் ஊற்றவே கூடாது. பீனால் வகைகளை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினாலே விஷம். பிளீச்சும் வேண்டாம், சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கும் குளோரமின் வாயு எழும். கழுவியபின் நன்றாகக் காய வைத்துத்தான் மணல் கொட்ட வேண்டும். அடி ஈரமாக இருந்தால் முதல் அடுக்கு சேறாகி ஒட்டும்.

அள்ளியதைப் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெண்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். டோஃபு பையில் கழிப்பறையில் கொட்டலாம் என்று எழுதியிருந்தாலும் மலத்தை அதில் போடாதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா முட்டைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தாண்டிப் பிழைக்கும். கலிபோர்னியாக் கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் இதே ஒட்டுண்ணியால் செத்திருக்கின்றன.

மணலை மாற்ற வேண்டி வந்தால்

பழைய மணல் உள்ள பெட்டி எதையும் தொடாமல், கூடுதலாக ஒரு பெட்டியில் புது மணலைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பூனை தானாக அதற்குள் போய்த் தோண்டத் தொடங்கினால் வழி சுலபம். கூடுதல் பெட்டிக்கு இடமில்லையென்றால் பழையதில் கால் பங்கு புதியது, மூன்று நாள் கழித்துப் பாதி, அப்புறம் முக்கால் என்று பத்து நாளில் மாற்றலாம். கட்டி சேரும் மணலோடு சிலிகாவையோ மரக்குச்சியையோ இப்படிக் கலந்தால் இரண்டுமே வேலை செய்யாது, அந்த மாற்றத்துக்குத் தனிப் பெட்டிதான் கதி. கலப்பு நாட்களில் ஒரு முறை வெளியே போனாலும் முந்தைய விகிதத்துக்குத் திரும்பி மூன்று நாள் நிறுத்துங்கள். பழைய மணலில் ஒரு பை பிரிக்காமல் இருக்கும்போதுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.